நிக்கோடிமஸ்: இருப்புப்பாதை விலகிச் சென்ற ஓர் உழவர் ஊரின் தொடக்க வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நடுவே பரந்து கிடக்கும் புல்வெளி மாநிலங்களுள் ஒன்று கான்சஸ். அதன் வடமேற்குப் பகுதியில், சாலமன் ஆற்றின் தென்கிளைக்கு வடக்கே, நிக்கோடிமஸ் என்னும் சிற்றூர் உள்ளது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் 1877ஆம் ஆண்டில் இதனை நிறுவினர். மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அம்மக்கள் அமைத்த குடியிருப்புகளுள் இன்றளவும் அழியாது நிற்கும் மிகப் பழையதாக இது மதிக்கப்படுகிறது. இவ்வூரைப் பற்றிப் பேசும் பலரும் ஒரு தொடரைத் தவறாது சொல்வர்: இருப்புப்பாதை வராமையால் வீழ்ந்த ஊர் என்பதே அது. இத்தொடர் பாதி உண்மை. வீழ்ந்தது எது, வீழாதது எது என்று பிரித்துக் காணாமல் இதனைத் தமிழில் பெயர்ப்பவர் ஒரு பிழையை வழிவழியாக அளிப்பவராகிவிடுவார். தமிழில் 'ஊர்' என்னும் ஒரு சொல்லே கடைத்தெருவையும் குடிமக்களையும் சுற்றியுள்ள நிலத்தையும் சேர்த்துக் குறிப்பதால் இப்பிழை எளிதில் நேரும். நிக்கோடிமஸின் தொடக்க ஆவணங்களிலோ இவை வேறுவேறு சொற்களால் சுட்டப்பட்டன.

எண்ணும் பெயரும்

புல்வெளி நிலத்தில் ஊருக்குப் பெயர் வருமுன் எண் வந்துவிட்டது. அமெரிக்க நடுவணரசின் நில அளவைத் துறை, மேற்குப் பகுதி நிலத்தை முழுவதும் சதுரங்களாக வகுத்திருந்தது. பக்கத்திற்கு ஆறு மைல் கொண்ட சதுரம் 'டவுன்ஷிப்' எனப்பட்டது. அதனுள் 36 'செக்‌ஷன்'கள். ஒவ்வொன்றும் ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர். அதில் கால் பங்காகிய 160 ஏக்கரே ஒரு குடும்பத்திற்குரிய அளவாகக் கருதப்பட்டது. 1862ஆம் ஆண்டுக் குடிநிலச் சட்டம் இந்த 160 ஏக்கரை, ஐந்தாண்டுகள் அங்கேயே குடியிருந்து உழுபவருக்கு உரிமையாக்கியது. 1868இல் நிறைவேறிய அரசியலமைப்பின் பதினான்காம் திருத்தம் கறுப்பின மக்களைக் குடிமக்களாக்கியதால் அவர்களும் அவ்வுரிமையைக் கோர முடிந்தது. நிக்கோடிமஸ் நகர்மனையின் முகவரி, எட்டாம் டவுன்ஷிப், 21ஆம் வரிசை, முதற் செக்‌ஷனின் வடமேற்குக் காற்பகுதி என்பதாகும். இங்கு வரும் டவுன்ஷிப் என்பதனை ஆட்சித்தமிழில் வழங்கும் 'நகரியம்' என்று பெயர்த்தல் பொருந்தாது. நகரியம் வீடுகள் நெருங்கிய இடத்தைக் குறிப்பது. கான்சஸின் டவுன்ஷிப்பிலோ ஒரு வீடுகூட இல்லாதிருக்கலாம். அளவைச் சதுரம் என்பதே அங்குப் பொருள். ஆனால் மக்கள் குடியேறியபின் அதே சொல் உள்ளாட்சி அலகொன்றையும் குறிக்கலாயிற்று. வரி விதிப்பதும் வாக்கெடுப்பு நடத்துவதும் அவ்வலகின் பெயரிலேயே நிகழ்ந்தன.

ஊர்ப்பெயரின் மூலம் பற்றி இரு கருத்துகள் உள்ளன. கிறித்தவ விவிலியத்தில் யோவான் எழுதிய நற்செய்தியில், இரவில் இயேசுவிடம் வந்து மறுபிறப்பைப் பற்றி உரையாடும் பரிசேயரின் பெயர் இது என்பது ஒன்று. ஹென்றி கிளே ஒர்க் என்னும் இசையாசிரியர் 1864இல் வெளியிட்ட ஒரு பாடலின் தலைவனாகிய ஆப்பிரிக்க அடிமையின் பெயர் என்பது மற்றொன்று. குடியேறியோர் இரண்டையும் அறிந்திருந்தனர் என்று கொள்வதே தகும். அடிமை வாழ்விலிருந்து எழுந்தவர்க்கு மறுபிறப்பும் விழித்தெழுதலும் அயலான பொருள்கள் அல்ல. கிரேக்கத்தில் 'நிக்கே' என்பது வெற்றி, 'தேமோஸ்' என்பது மக்கள். 'மக்களின் வெற்றி' என்னும் சொற்பொருள் குடியேறியோரின் கருத்தில் இருந்ததாகக் கொள்வதற்கு இடமில்லை. பிற்காலத்தார் விரும்பிச் சுட்டும் பொருத்தம் அது.

இப்பெயர் தமிழ் மொழிபெயர்ப்பாளர்க்கு ஒரு சிக்கலையும் தருகிறது. தமிழ்ச் சீர்திருத்தத் திருச்சபையார் வழங்கும் விவிலியத்தில் இப்பெயர் 'நிக்கொதேமு' என்றும், 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் 'நிக்கதேம்' என்றும் உள்ளது. ஊர்ப்பெயரை இவ்வடிவங்களுள் ஒன்றில் எழுதினால், பெயர்மூலம் விவிலியமே என்று தீர்ப்பளித்ததாகும். 'நிக்கோடிமஸ்' என ஆங்கில ஒலிப்பை ஒட்டி எழுதினால், விவிலியத்தொடர்பு தமிழ் வாசகர்க்கு முற்றிலும் மறைந்துபோகும். இக்கட்டுரை பின்னதையே கொண்டது. மூலம் பற்றிய வழக்கு முடியாதிருக்க, எழுத்துப்பெயர்ப்பு அதனை முடித்துவைத்தல் முறையன்று.

துண்டறிக்கையும் குழிவீடும்

ஊரை நிறுவியோர் இரு வகையினர். டபிள்யூ. ஆர். ஹில் என்பவர் இந்தியானா மாநிலத்திலிருந்து வந்த வெள்ளையர், நிலமனை வணிகர். டபிள்யூ. எச். ஸ்மித் கறுப்பினத்தவர். இவர்களும் வேறு சிலரும் சேர்ந்து 1877 ஏப்ரலில் நிக்கோடிமஸ் நகர்மனைக் கழகத்தைத் தொடங்கினர். ஸ்மித் அதன் தலைவர். சைமன் ரவுண்ட்ரீ என்னும் போதகர் செயலாளர். ஹில் ஒருவர் தவிர ஏனையோர் கறுப்பினத்தவரே. தென்மாநிலங்களில் நிறுத்தப்பட்டிருந்த நடுவணரசுப் படைகள் விலக்கப்பட்ட ஆண்டும் 1877 என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. காவல் நீங்கிய நிலையில் முன்னாள் அடிமைகள் நிலமும் அமைதியும் தேடி வேறிடம் நோக்கினர்.

கழகம் துண்டறிக்கைகளை வெளியிட்டது. கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டன் நகரில் வழங்கப்பட்ட அறிக்கை, 1877 செப்டம்பர் 5ஆம் நாள் கான்சஸ் செல்ல விரும்பும் கறுப்பினத்தார் ஐந்து டாலருக்குச் செல்லலாம் என்று பெரிய எழுத்தில் கூறியது. உறுப்பினராவதற்குரிய கட்டணம் ஒரு டாலர். அதனையும் 25 செண்ட் வீதம் தவணையாகச் செலுத்தலாம். ஒரு டாலரைத் தவணையில் செலுத்த வேண்டிய மக்களை நோக்கியே இவ்வறிக்கை பேசியது என்பது அதன் வேறெந்தத் தொடரையும்விட மிகுதியாக உணர்த்துகிறது. தம்மைப் பற்றி அவ்வறிக்கையார் கையாண்ட சொல் 'காலனி' என்பது. சேர்ந்து புறப்பட்டுச் சேர்ந்து குடியேறுவோர் கூட்டம் என்பது அங்கு அதன் பொருள். தமிழகத்தில் அச்சொல் இருப்புப்பாதைப் பணியாளர் குடியிருப்பையும் குறித்தது; ஊரின் புறத்தே ஒதுக்கப்பட்ட தாழ்த்தப்பட்ட மக்களின் குடியிருப்பையும் குறித்தது. பின்னைய வழக்கு இழிவுக் குறிப்பேற்றதால், அரசு ஆவணங்களிலிருந்து அச்சொல்லை நீக்கப்போவதாகத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் அறிவித்தது. ஆதலால் நிக்கோடிமஸ் காலனி என்று தமிழில் எழுதுவோர், பிறரால் ஒதுக்கப்பட்டோர் என்னும் பொருளைத் தாமறியாமலே புகுத்திவிடுவர். அவர்கள் தாமே கூடித் தாமே புறப்பட்டவர்கள். 'குடியேற்றம்' என்பதே ஏற்ற சொல்.

1877 ஜூலை இறுதியில் முதற்கூட்டத்தார் டொபீக்காவிலிருந்து வந்தனர். செப்டம்பரில் கென்டக்கியிலிருந்து ஏறத்தாழ முந்நூறு பேர் வந்து சேர்ந்தனர். தொடர்வண்டி அவர்களை எல்லிஸ் என்னும் நிலையம்வரையே கொண்டுவந்தது. அங்கிருந்து நிக்கோடிமஸ் 35 மைல். அத்தொலைவை வண்டியிலும் கால்நடையாகவும் கடந்து வந்தவர்கள், அறிக்கையில் வருணிக்கப்பட்ட அழகிய நகர்மனையைத் தேடினர். மரமும் இல்லை, வீடும் இல்லை, புல்லும் வானமுமே இருந்தன. சினம் மூண்டது. ஹில் மீது அவர்கள் கொண்ட சீற்றம் பற்றிய கதைகள் அவ்வூரில் நெடுங்காலம் வழங்கின. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் வந்த சுவடு மாறுமுன் திரும்பினர் என்பர்.

1878 வசந்தத்தில் வந்த கூட்டத்தில் டேனியல் ஹிக்மன் என்னும் போதகரும் அவர் மனைவி வில்லியானா ஹிக்மனும் இருந்தனர். எல்லிஸில் தங்கியபோது அம்மை கண்டு அக்கூட்டத்துக் குழந்தைகள் சிலர் இறந்தனர். பின்னர் இரண்டு நாள் வண்டிப் பயணம். ஊரைக் கண்டுவிட்டோம் என்று உடன்வந்த ஆடவர் கூவியபோது, வில்லியானா எவ்வளவு நோக்கியும் ஒன்றும் புலப்படவில்லை. ஊர் எங்கே என்று அவர் கேட்டார். தரையிலிருந்து ஆங்காங்கே எழுந்த புகையைக் கணவர் சுட்டிக் காட்டினார். மக்கள் நிலத்தைத் தோண்டி அதனுள் வாழ்ந்துகொண்டிருந்தனர். அதைக் கண்டு தாம் அழத் தொடங்கியதாக ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின்னர், 1937இல், அவர் ஒரு நாளிதழுக்குக் கூறினார்.

மேட்டுச் சரிவைக் குடைந்தோ தரையைத் தோண்டியோ அமைத்த இவ்வுறையுளை ஆங்கிலத்தில் 'டக்-அவுட்' என்பர். தமிழில் 'நிலவறை' என்றால் பொருள்களைச் சேமிக்கும் அறையோ மாளிகையின் அடித்தளமோ நினைவிற்கு வரும். 'சுரங்கம்' அதனினும் பொருந்தாது. 'குழிவீடு' என்பது புதுச்சொல்லாயினும் நேரானது. வில்லியானாவின் கூற்றில் அழுகைக்குக் காரணம் வீடு சிறியது என்பதன்று. வீடு கண்ணுக்கே தெரியாமல் மண்ணோடு மண்ணாக இருந்தது என்பது. நிலவறை என்று பெயர்த்தால் அந்த அழுகை விளங்காது.

முதற் குளிர்காலம் கொடியதாயிருந்தது. விதைக்கும் பருவம் கழிந்தபின் வந்தமையால் அறுவடை இல்லை. குதிரைகளும் ஏர்களும் மிகச் சில. வேட்டையாடித் திரும்பிய ஓசேஜ் பழங்குடியினர் தம் உணவில் ஒரு பகுதியைத் தந்து காத்தனர் என்பது ஊர்மரபு. ஆடவர் பலர் கூலிவேலை தேடி வெளியிடம் சென்றனர். எஞ்சியோர் மண்வெட்டியாலும் கைக்கருவிகளாலும் புல்வேர் பின்னிய நிலத்தைக் கொத்தினர். குழிவீட்டிலேயே பள்ளி தொடங்கிற்று. ஸ்மித்தின் மகள் ஜென்னி ஃபிளெச்சர் முதல் ஆசிரியை. அவர் கணவர் சக்காரி ஃபிளெச்சர் முதல் அஞ்சலதிகாரி. வெளியூர்களிலிருந்து பெற்ற உதவியால் முதலிரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1879இல் இனி உதவி வேண்டுவதில்லை என்று முடிவு செய்து குடியேற்றக் கூட்டமைப்பைக் கலைத்தனர். அதன்பின் ஒவ்வொரு குடும்பமும் தன் 160 ஏக்கரைத் தானே பார்த்துக்கொள்ளும் உழவர் குடும்பமாயிற்று. பிற்கால நிகழ்ச்சிகளை விளங்கிக்கொள்ள இது இன்றியமையாத செய்தி.

தென்மாநிலங்களிலிருந்து பல்லாயிரவர் கான்சஸ் நோக்கிப் பெயர்ந்த பேரியக்கம் 1879இல் நிகழ்ந்தது. அவர்கள் 'எக்சோடஸ்டர்' எனப்பட்டனர். தமிழ் விவிலியத்தில் 'யாத்திராகமம்' எனப்படும் நூலின் ஆங்கிலப் பெயரை அடியாகக் கொண்டு பிறந்த சொல் அது. நிக்கோடிமஸ் மக்களையும் அப்பெயரால் அழைப்போர் உண்டு. அது சரியன்று. நிக்கோடிமஸார் ஈராண்டு முந்தியவர்கள். அமைப்பாகத் திரண்டு, குறித்த இடத்தை நோக்கி வந்தவர்கள்.

பதினாறாயிரம் டாலர்

1880களின் நடுவில் ஊர் உருப்பெற்றுவிட்டது. கோதுமையும் மக்காச்சோளமும் விளைந்தன. குழிவீடுகளுக்கு மேலே புற்கட்டி வீடுகளும் சுண்ணாம்புக்கல் கட்டடங்களும் எழுந்தன. ஃபிளெச்சர் குடும்பத்தார் தங்கும் விடுதி நடத்தினர். அக்கட்டடம் இன்றும் உள்ளது. கடைகள், திருச்சபைகள், வங்கி, இலக்கியக் கழகம், இசைக்குழு என்பன தோன்றின. 1886இல் 'வெஸ்டர்ன் சைக்ளோன்', 1887இல் 'நிக்கோடிமஸ் என்டர்பிரைஸ்' என இரண்டு இதழ்கள் வெளிவந்தன. 1878இல் இங்கு வந்து சேர்ந்த எட்வர்டு மெக்கேப் 1882இல் கான்சஸ் மாநிலத் தணிக்கை அதிகாரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தென்மாநிலங்களுக்கு வெளியே ஒரு கறுப்பினத்தவர் அத்தகைய உயர்பதவிக்கு வாக்குகளால் வந்தது அந்நாளில் அரிது.

இவ்வளவுக்கும் இடையே ஒரு குறை நீடித்தது. கோதுமையை எல்லிஸ் போன்ற தொலைநிலையங்களுக்கு வண்டியிலேயே கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. வண்டிப்பயணத்தில் கழியும் நாட்கள் விளைபொருளின் ஆதாயத்தைத் தின்றன. வணிகர்க்கோ இருப்புப்பாதை ஆதாயச் செய்தி மட்டுமன்று. புல்வெளி ஊர்களின் மனை விலை முழுவதும் பாதை வரும் என்னும் எதிர்பார்ப்பின் மீதே நின்றது. இதழ்கள் இரண்டும் வாரந்தோறும் பாதையைப் பற்றியே எழுதின. இவ்விதழ்களை வரலாற்றுச் சான்றாகக் கையாளுவோர், அவை செய்தியிதழ்களாயிருந்த அளவிற்கு மனைவிற்பனை விளம்பரங்களாகவும் இருந்தன என்பதை மறத்தலாகாது. அவற்றின் நடையில் எதிர்காலம் பெரும்பாலும் நிகழ்காலமாகவே பேசப்படும். வரவிருக்கும் பாதை வந்துவிட்டதுபோல எழுதப்படும். இக்காலமயக்கத்தைத் தமிழில் எதிர்காலமாக மாற்றித் 'திருத்தும்' மொழிபெயர்ப்பு, மூலத்தின் இயல்பையே அழிக்கும்.

1887இல் மிசௌரி பசிபிக் கும்பினியின் நில அளவையர் இப்பகுதிக்கு வந்தனர். பாதையைத் தம் ஊர்வழியே போடுவதற்கு ஊக்கத்தொகையாக 16,000 டாலர் மதிப்புள்ள கடன்பத்திரங்களை வழங்க நிக்கோடிமஸ் டவுன்ஷிப் மக்கள் அவ்வாண்டில் வாக்களித்து ஒப்பினர். பத்தாண்டுகளுக்கு முன் ஒரு டாலரைத் தவணையில் கட்டியவர்கள் இதற்கு உடன்பட்டனர். அக்கடன் உழவர்களின் நிலவரியிலிருந்து தீர்க்கப்பட வேண்டியது என்பது அவர்கள் அறியாததன்று.

மிசௌரி பசிபிக் பாதை கிழக்கேயுள்ள ஸ்டாக்டனுடன் நின்றுவிட்டது. யூனியன் பசிபிக் கும்பினி 1888இல் தன் கிளைப்பாதையை ஆற்றின் தென்கரைவழியே போட்டது. நிக்கோடிமஸ் வடக்கே விடுபட்டது. பாதைப் பணியாளர் முகாமிட்ட இடம், சில மைல் தென்மேற்கே, போக் என்னும் புதிய ஊராயிற்று. நிக்கோடிமஸ் வணிகர்கள் ஒருவர்பின் ஒருவராக அங்குப் பெயர்ந்தனர். இதழ்கள் இரண்டும் 1888உடன் மறைந்தன. மெக்கேப் பின்னர் ஓக்லஹோமா சென்று லாங்ஸ்டன் என்னும் மற்றொரு கறுப்பின நகரின் தோற்றத்தில் பங்கு கொண்டார்.

நிறவேற்றுமையே பாதை விலகியதற்குக் காரணம் என்று சொல்வோர் உளர். அவ்வேற்றுமை அக்காலக் கான்சஸில் இல்லை என்று எவரும் கூற முடியாது. ஆயினும் பாதை விலகியதால் மறைந்த வெள்ளையர் ஊர்களும் அப்புல்வெளியில் பலவாகும். கும்பினிகள் ஏற்கெனவே உள்ள ஊரை நாடுவதைவிடப் புதிய மனைகளைத் தாமே வகுத்து விற்பதில் ஆதாயம் கண்டன. வெள்ளையர் ஊர் வீழ்ந்தபோது அவ்வூரார் வேறெங்கும் சென்று கடை வைக்கலாம். கறுப்பின வணிகர்க்கும் ஆசிரியர்க்கும் அவ்வாறு செல்ல இடங்கள் மிகக் குறைவு. பாதை விலகியதில் இல்லாவிடினும், அதன் விளைவில் நிறவேற்றுமை இருந்தது என்பதே பொருத்தமாகும்.

வீழ்ந்ததும் நின்றதும்

1888இல் வீழ்ந்தது நகர்மனை. அதாவது, துண்டறிக்கையில் விற்கப்பட்ட, கடைத்தெருவும் மனை விலையும் கொண்ட நகரம். நின்றது குடியேற்றம். 160 ஏக்கரைக் கொத்திப் பண்படுத்திய குடும்பங்களுக்குப் போக் நிலையம் எல்லிஸைவிட மிக அருகில் வந்துவிட்டது. பாதை எந்த ஊர்வழியே சென்றாலும் கோதுமை மூட்டைக்கு அது பயன்பட்டது. நகர்மனைக்குச் சாவாக வந்த பாதை அதனைச் சுற்றிய உழவர்க்கு ஓரளவு வாழ்வாகவும் அமைந்தது என்பதை, 'ஊர் வீழ்ந்தது' என்னும் தொடர் மறைத்துவிடுகிறது. பாதை விலகியபின் எழுந்த கட்டடங்களே இதற்குச் சான்று: திருமுழுக்குச் சபையார் 1907இல் கோயில் கட்டினர், 1918இல் பள்ளிக்கூடம் எழுந்தது. கடைத்தெரு இழந்து முப்பது ஆண்டுகள் கழிந்தபின் புதிய பள்ளி கட்டிய இடத்தைச் செத்த ஊர் என்பது சொல்லாட்சிப் பிழை.

உழவரைத் தாக்கியது 1930களின் வறட்சியும் புழுதிப்புயலும் விலைவீழ்ச்சியும் ஆகும். 1935இல் ஊருக்குள் 76 பேரே இருந்தனர். 1950இல் 16 பேர். அஞ்சலகம் 1953இல் மூடப்பட்டது, பள்ளி 1960இல். மறுபுறம், அக்கொடிய ஆண்டுகளில்தான், 1939இல், நடுவணரசின் வேலைத்திட்டத்தின்கீழ்ச் சுண்ணாம்புக்கல்லால் டவுன்ஷிப் மன்றம் கட்டப்பட்டது. மன்றம், விடுதி, இரு கோயில்கள், பள்ளி ஆகிய ஐந்து கட்டடங்களைக் கொண்டு 1996இல் அமெரிக்க நடுவணரசு இவ்விடத்தைத் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்தது.

ஆண்டுதோறும் ஜூலை இறுதியில், வேறு மாநிலங்களில் வாழும் வழித்தோன்றல்கள் இங்குக் கூடுகின்றனர். அவ்விழா தொடக்கத்தில் அடிமை விடுதலை விழாவாக ஆகஸ்டு முதல் நாளையொட்டிக் கொண்டாடப்பட்டது. லிங்கனின் விடுதலைப் பறைசாற்றம் 1863 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது; ஆகஸ்டு முதல் நாளோ பிரித்தானியப் பேரரசின் மேற்கிந்தியத் தீவுகளில் 1834இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்ட நாள். அமெரிக்கக் கறுப்பின மக்கள் உள்நாட்டுப் போருக்கு முன்பே, தமக்கு விடுதலை வராத காலத்தில், பிறர்க்கு வந்த விடுதலையைக் கொண்டாடத் தொடங்கிய வழக்கம் அது. கென்டக்கியிலிருந்து வந்தோர் அதனைப் புல்வெளிக்கும் கொண்டுவந்தனர். 'விடுதலை நாள்' என்று மட்டும் பெயர்த்துவிட்டு, லிங்கனின் ஆண்டை அடைப்புக்குறிக்குள் இடும் மொழிபெயர்ப்புகளில் இச்செய்தி காணாமற்போகிறது.